தொட்டதும் விட்டுவிடும் ஃபேடர்

திருவிழாக் கச்சேரி மேடைக்கு எதிரே, பந்தலின் நடுவில் போட்டிருக்கும் மிக்ஸர் மேசையை யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். நாகஸ்வரம் முடிந்து பட்டிமன்றம் தொடங்குகிற இடைவெளியில் ஆபரேட்டர் ஒரு பொத்தானை அழுத்துவார். வரிசையாக இருக்கும் ஃபேடர்கள், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகுமிழ்கள், அத்தனையும் கை படாமலே சர்ரென்று ஏறியும் இறங்கியும் புது இடத்தில் போய் நிற்கும். சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கு அது தனி வேடிக்கை. பெரியவர்களில் சிலரும் மேடையை விட்டுவிட்டு அதைத்தான் பார்க்கிறார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ஃபேடர் மேல் விரல் வைத்தால் என்ன ஆகும்? விலை கூடிய மேசைகளில் குமிழுக்கு உலோகப் பூச்சு இருக்கும். விரல் பட்டதை மின்சுற்று கண்டுகொண்டு அப்போதே மோட்டாரை நிறுத்திவிடும். விலை குறைந்தவற்றில் அந்த ஏற்பாடு கிடையாது. கொஞ்சம் முட்டிப் பார்த்துவிட்டு மோட்டாரே விட்டுக்கொடுத்துவிடும். எப்படியானாலும் கை வந்ததும் இயந்திரம் ஒதுங்கிக்கொள்கிறது. அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வீட்டு மேசையில் ஆர்வக்காரர்கள் செய்கிற, தொட்ட விரலுக்குப் பதில் சொல்லும் ‘ஹேப்டிக்’ குமிழ் இந்த இடத்தில்தான் பிரிந்து போகிறது. அதன் மோட்டார் சும்மா கிடக்கும். விரல் பட்டுத் திருப்பத் தொடங்கினால்தான் வேலையே ஆரம்பம். புதுக்கோட்டையை ஒட்டிய எங்கள் திருக்கோகர்ணத்தில் ரேடியோவும் மைக் செட்டும் தோல் வாத்தியமும் எப்படி மாறின என்பதை இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே பேசிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வால்வு ரேடியோவில் ஆரம்பிக்கிறேன். திருச்சி வானொலி 1939 மே 16 அன்று தொடங்கியது. மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ் என்று சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அறிமுகமே வேண்டாம். அந்தக் காலத்து நல்ல ரேடியோக்களில் ஸ்டேஷன் பிடிக்கும் குமிழுக்குப் பின்னால், பெட்டிக்குள், கனமான ஒரு சக்கரம் இருக்கும். குமிழைச் சுண்டிவிட்டால் முள் தானாகவே கொழும்புப் பக்கம் வரைக்கும் ஓடும். மெதுவாகத் திருப்பினால் அந்தக் கனமே கையை நிதானப்படுத்தும். குமிழையும் முள்ளையும் இணைப்பது ஒரு நூல். நூல் தளர்ந்து வழுக்க ஆரம்பித்தால் காதுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த நூலை எத்தனை சுற்றுச் சுற்றி, எந்த உருளைக்கு மேலே கொண்டுபோய், எங்கே ஸ்பிரிங்கில் மாட்டுவது என்பது ரிப்பேர் கடைகளில் தனி வித்தையாகவே இருந்தது. ‘நூல் கட்டத் தெரியுமா?’ என்று கேட்டுத்தான் பையனை வேலைக்குச் சேர்ப்பார்கள்.

மைக் செட் ஆம்ப்ளிஃபையரும் அப்படியே. உள்ளே கரித்தடம் பூசிய வால்யூம் கன்ட்ரோல். அதன் தண்டில் கெட்டியான மசகு வைத்திருப்பார்கள். குமிழ் குதிக்காமல் வழவழப்பாக, சற்றுக் கனத்தோடு திரும்புவதற்கு அந்த மசகுதான் காரணம். திருகு ஸ்விட்சில் ஒரு சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் ‘டக்’ என்று உட்காரும். அன்றைய எஞ்சினியர்களும் கைக்குச் சேதி சொல்ல வேண்டும் என்று யோசித்துத்தான் இதையெல்லாம் வைத்தார்கள். ஆனால் சேதியைத் தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பிவிட்டார்கள். மசகு காய்ந்தால் குமிழ் இறுகிவிடும், தடத்தில் தூசி ஏறினால் கூம்பு ஸ்பீக்கரில் கரகர. எங்கள் ஊர்த் தேரோட்டத் தூசிக்கு எந்தக் கன்ட்ரோலும் நெடுநாள் தாங்கியதில்லை.

பழைய மைக் செட்காரர்கள் மேடையைப் பார்த்தபடியே, கையைப் பின்னால் விட்டு, வால்யூமைக் குறைப்பார்கள். ‘ஃபீட்பேக் அடிக்கப் போகுது’ என்பது அவர்களுக்கு ஊளைச் சத்தம் கிளம்புவதற்கு ஒரு நொடி முன்பே தெரியும். பாதி காது, பாதி விரல். இப்போது பல ஆபரேட்டர்கள் வைஃபை வழியாக டேப்லெட்டில் மிக்ஸ் செய்கிறார்கள். பந்தலின் கடைசி வரிசை வரை நடந்துபோய் அங்கே எப்படிக் கேட்கிறது என்று பார்த்துச் சரிசெய்யலாம். இது பெரிய வசதி, மறுக்க முடியாது. ஆனால் கண்ணாடியின் மேல் எல்லா ஃபேடரும் ஒரே வழவழப்பு. எது நாகஸ்வரம், எது தவில் என்று பார்த்துத்தான் தொட வேண்டும். கண் மேடையிலிருந்து கீழே இறங்கிவிடுகிறது.

தொட்ட விரலுக்குக் கருவி பதில் சொல்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. இன்று கச்சேரியில் நாம் பார்க்கும் கஞ்சிராவுக்கு உருவம் கொடுத்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை என்பது இசையுலகம் ஒப்புக்கொண்ட செய்தி. பஜனையில் தட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன வளையத்தை மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தவர் அவர். என் கணக்கில் அதுவும் கையால் செய்து பார்த்த கருவிதான். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெரிய பெயர். அந்தத் தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் மிருதங்கம் கற்று, ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள். பிறந்தது 1910, இப்போது இதே திருக்கோகர்ணத்தில் இருக்கும் புதுக்கோட்டை அருங்காட்சியகம் தொடங்கப்பட்ட ஆண்டும் அதுதான்.

கஞ்சிராவைப் பிடித்திருக்கும் கையைக் கவனித்தால் ஒன்று புரியும். வாசிப்பது ஒரு கை. பிடித்த கையின் விரல்கள் தோலை விளிம்பில் அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை வளைக்கின்றன. தோல் எவ்வளவு எதிர்க்கிறது என்பதுதான் விரலுக்குக் கிடைக்கும் தகவல். உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் தோல் தளரும், காய்ந்தால் இறுகும். பழைய கஞ்சிராவுக்கு உடும்புத் தோல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. அதனால் வேறு தோல்களும் செயற்கைத் தோல்களும் வந்தன. சத்தத்தில் பெரிய குறையில்லை, விரலுக்குத்தான் வேறு மாதிரி இருக்கிறது என்பது வாசிப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. உடும்பைக் காப்பாற்றியது நியாயம். விரலுக்கு ஏற்பட்ட நஷ்டமும் உண்மைதான்.

மறுபடி மிக்ஸர் மேசைக்கு வருவோம். மோட்டார் வைத்த ஃபேடர் எங்கிருந்து வந்தது? ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து. பல தடங்களில் பதிவான பாட்டை ஒன்றுசேர்க்கும்போது, பல்லவியில் வயலினை ஏற்றி, சரணத்தில் இறக்கி, ஐந்து பேர் ஆளுக்கு நான்கு ஃபேடராகப் பிடித்துக்கொண்டு நின்ற காலம் உண்டு. ஒருவர் கை பிசகினால் முதலிலிருந்து. 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நீவ் நிறுவனம் ‘நெகாம்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மனிதர் ஒரு முறை நகர்த்தியதைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை மோட்டாரால் அதேபோல் நகர்த்தும். அப்போது அது லண்டன் ஏர் ஸ்டுடியோ போன்ற இடங்களுக்கு மட்டுமே கட்டுப்படியான சங்கதி. 1994இல் யமஹாவின் ப்ரோமிக்ஸ் 01 வந்த பிறகுதான் மோட்டார் ஃபேடர் நடுத்தர விலைக்கு இறங்கியது. 2012இல் பெரிஞ்சர் எக்ஸ்32 வந்தது. அதற்குப் பிறகு சாதாரண சவுண்ட் சர்வீஸ்காரரும் வாங்கும்படி ஆயிற்று.

எக்ஸ்32இல் 100 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள மோட்டார் ஃபேடர்கள் 25. உள்ளே வரும் மைக்குகள் மட்டும் 32; அதற்கு மேல் வெளியே போகும் பாதைகள் வேறு. ஒரே ஃபேடர் இப்போது மைக் 3, பொத்தானைத் தட்டினால் மைக் 19. இப்படி மாறும்போதெல்லாம் குமிழ் சரியான இடத்துக்குத் தானாகப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் கை வைத்தவுடன் சத்தம் எகிறும். மோட்டார் இருப்பது அதற்காகத்தான். ‘இப்போது நான் இங்கே இருக்கிறேன்’ என்று கண்ணுக்கும் கைக்கும் காட்டுவது அதன் வேலை. அந்த வேலையை அது குறையில்லாமல் செய்கிறது.

உள்ளே பிரித்துப் பார்த்தால் எளிமையான பொருள். ஒரு முனையில் பிரஷ் வைத்த சின்ன டி.சி. மோட்டார். அதன் பல்சக்கரத்திலிருந்து ஒரு பட்டை அல்லது நூல் குமிழை இழுக்கிறது. அடியில் பழைய வால்யூம் கன்ட்ரோல் போலவே ஒரு தடம், அதன் மேல் உரசும் ஒரு தொடுப்பு. 1024 படிகளாக அளந்தால் ஒரு படி சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர். சத்தம் கூட்டிக் குறைக்க இது தாராளம். பழைய ரேடியோவின் நூல் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படித்த தம்பி ஒருவர் இருக்கிறார். மாமா வைத்திருந்த சவுண்ட் சர்வீஸில் ஒயர் சுற்றி வளர்ந்தவர். இந்த ஃபேடர் ஒன்றைக் கழற்றி, கை வைத்திருக்கும்போதும் மோட்டார் தள்ளும்படி செய்ய முடியாதா என்று ஆரம்பித்தார். உலகத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. எட்கர் பெர்டால், அலெக்ஸாண்ட்ரோஸ் கொண்டோயோர்காகோபுலோஸ் என்ற இருவர் கடையில் கிடைக்கும் மோட்டார் ஃபேடரையும் ஆர்டினோ வகைச் சின்னக் கணினிப் பலகையையும் சேர்த்து ‘ஃபயர்ஃபேடர்’ என்று ஒன்றைச் செய்து, 2013இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். கணினிக்குள் கற்பனையாக ஒரு தந்தியைக் கட்டிவிட்டு, ஃபேடரால் அதை மீட்டலாம். தந்தி விரலைத் திருப்பித் தள்ளும். வரைபடங்களை எல்லாருக்கும் திறந்தே வைத்தார்கள்.

தம்பி செய்ததும் வேலை செய்தது, ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. தடத்தின் மேல் தொடுப்பு உரசுவதால் எப்போதும் ஒரு பிசுபிசுப்பு இருக்கும். அதைவிட மெல்லிய சேதி எதுவும் விரலுக்கு எட்டாது. பட்டை கொஞ்சம் இழுபடும். பிரஷ் மோட்டாரின் அதிர்வு குமிழ் வரை வரும். விரலை எதிர்த்து நெடுநேரம் தள்ளினால் மோட்டார் சூடாகிவிடும். அரை நொடியில் ஓடி நிற்பதற்காகச் செய்த பொருளைக் காவலுக்கு நிறுத்திவைத்தால் வேறென்ன ஆகும்?

அடுத்து குமிழுக்கு மாறினார். ஸ்காட் பெசெக் என்ற அமெரிக்கர் 2022இல் ‘ஸ்மார்ட்நாப்’ என்ற பெயரில் திறந்த வரைபடங்களோடு காட்டிய கருவிதான் மூலம். கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பலில் இருக்கும் பிரஷ் இல்லாத மோட்டார் ஒன்று. குமிழ் நேராக அதன் மேலேயே உட்காருகிறது. நடுவில் பல்சக்கரமோ பட்டையோ கிடையாது. தண்டின் அடியில் ஒரு சின்னக் காந்தம், அதற்கு எதிரே எம்.டி.6701 போன்ற ஒரு சில்லு. தொடாமலே காந்தத்தின் கோணத்தைப் படிக்கும். இ.எஸ்.பி.32 பலகை அந்தக் கோணத்தை நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் பார்த்து, மோட்டாருக்கு எவ்வளவு மின்னோட்டம் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. கணக்கு எளியது: மிக அருகில் இருக்கும் கற்பனைப் பள்ளம் எது, அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, அந்தப் பக்கம் எவ்வளவு இழுக்க வேண்டும். 2020இல் வந்த சிம்பிள்எஃப்ஓசி என்ற இலவச நிரல்தொகுப்பு இந்த மோட்டார்களை ஓட்டும் தொல்லையை ஆர்வக்காரர்களுக்கு வெகுவாகக் குறைத்துவிட்டது.

பலன் விசித்திரமானது. குமிழில் பள்ளமே இல்லை, ஆனால் விரல் பள்ளத்தை உணர்கிறது. முன்பு குண்டும் ஸ்பிரிங்கும் செய்ததை இப்போது நாலு வரி நிரல் செய்கிறது. மசகின் கனம் வேண்டுமா, சக்கரத்தின் ஓட்டம் வேண்டுமா, ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஒரு நொடி முன்பு வரை தடையில்லாமல் சுற்றிய குமிழ், அடுத்த நொடி சுவரில் மோதியதுபோல் நிற்கும்.

தம்பிக்கு இது சுலபமாக வந்துவிடவில்லை. இழுவிசையை அதிகமாக்கினால் குமிழ் தானாகவே நடுங்க ஆரம்பித்தது. அளவீடு சற்றுத் தாமதித்தாலும் மோட்டார் தாண்டிப்போய்த் திரும்பி, மறுபடி தாண்டிப்போகும். முதலில் போட்டிருந்த விலை குறைந்த ஏ.எஸ்.5600 சில்லைத் தூக்கிவிட்டு வேகமாகப் படிக்கும் ஒன்றைப் போட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. மோட்டாருக்கே பிறவியில் ஒரு கொறகொறப்பு உண்டு. மின்சாரம் இல்லாமல் சுற்றினாலும் காந்தங்கள் இரும்புப் பற்களில் பிடித்துப் பிடித்து விடும். நல்ல மோட்டாரில் அது குறைவு, முழுக்கப் போவதில்லை.

என்னைக் கவர்ந்தது தம்பி செய்த ஒரு சோதனை. நிகழ்ச்சிக்கு முன்னால் ஒலிச்சோதனையின்போது, எந்த அளவுக்கு மேல் போனால் ஃபீட்பேக் அடிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்கிறார். குமிழ் அந்த எல்லைக்கு வர வர இறுகும். தாண்டலாம், ஆனால் வேண்டுமென்றே அழுத்தித்தான் தாண்ட வேண்டும். மேடையைப் பார்த்துக்கொண்டே கையைப் பின்னால் விட்டு இயக்கிய அந்தப் பழைய மைக் செட்காரரின் அனுபவத்தை ஒரு புதிய ஆளின் விரலுக்குக் கொடுக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. கடைப்பொருள் எதிலும் இப்படி ஒன்றை நான் தொட்டுப் பார்த்ததில்லை.

அதற்காக வீட்டுக் கருவியைத் தலையில் தூக்கிவைக்கவும் மாட்டேன். 25 ஃபேடர் வேண்டிய இடத்தில் 25 கிம்பல் மோட்டாரும் அவற்றுக்கான ஓட்டிகளும் மின்சாரமும் என்று கணக்குப் போட்டால் மேசை தாங்காது. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் பாகங்கள் கிடைக்கும். சில்லும் பலகையும் சில நூறு ரூபாய்தான், மோட்டாரும் கட்டுப்படியாகும். நேரத்துக்கு யார் விலை போடுவது? திருவிழா நடுவே குமிழ் நடுங்கினால் பந்தலில் உட்கார்ந்து நிரல் திருத்த முடியுமா? கடை ஃபேடர் கெட்டால் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டலாம். வாடகைக்கு ஓடும் தொழிலில் அதுதான் முதல் தகுதி. வருமானம் வரும் மேசைக்கு மோட்டார் ஃபேடர், கற்றுக்கொள்ளும் மேசைக்குக் கையால் செய்த குமிழ் என்பதுதான் இன்றைக்கு என் கட்சி.

கஞ்சிரா வாசிக்கும் ஒருவரிடம் அந்தக் குமிழைக் கொடுத்தபோது அவர் சொன்ன குறை வேறு விதம். கொஞ்ச நேரம் திருப்பிப் பார்த்தார். பள்ளத்தை ஆழமாக்கச் சொன்னார், எடுக்கச் சொன்னார். பிறகு, “தம்பி, இது எப்பத் தொட்டாலும் ஒரே பதிலைச் சொல்லுதே. தோலு காலையில ஒண்ணு சொல்லும், மழை வந்தா ஒண்ணு சொல்லும்” என்றார். “அதையும் எழுதிரலாம்ணே” என்றார் தம்பி. எழுதலாம்தான். ஆனால் எதை எழுத வேண்டும் என்பதைத் தோலைத் தொட்டவர்தான் சொல்ல முடியும். இந்த உரையாடலில் நான் கஞ்சிராக்காரர் பக்கம்.

பெரிய இடங்களிலும் இதே தேடல்தான் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணனின் தொடு உணர்வு ஆய்வுக்கூடம் இதற்கென்றே இருக்கிறது. வழவழப்பான தொடுதிரையில் விளிம்பையும் சொரசொரப்பையும் விரல் உணரும்படி செய்யும் ‘ஐ-டேட்’ என்ற தொழில்நுட்பத்தை அவர்கள் 2022இல் வெளியுலகுக்குச் சொன்னார்கள். அது வழக்கமான கருவிகளுக்குள் வந்துவிட்டால், பந்தலுக்குள் டேப்லெட்டோடு நடக்கிற ஆபரேட்டர் கண்ணை மேடைக்கே திருப்பிவிடலாம். பழைய பொருளிலிருந்து செய்தவர்களும் இருக்கிறார்கள். பில் வெர்ப்லாங்க் 2002இல் காட்டிய ‘பிளாங்க்’ என்ற ஹேப்டிக் கருவிக்கு மோட்டார் கிடைத்தது ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து. படிக்கும் முனையை அசைக்கும் கம்பிச்சுருளுக்கு உராய்வு மிகக் குறைவு, வேகமோ அபாரம். காயலான் கடையில் எடைக்குப் போகிற ஹார்ட் டிஸ்க்குகளைப் பார்க்கும்போது எனக்கு இப்போதெல்லாம் கை துறுதுறுக்கிறது.

தம்பி மறுபடி ஃபேடருக்கே திரும்பியிருக்கிறார். சவுண்ட் ஆட்கள் கைக்குப் பழகியது சுற்றுவதல்ல, தள்ளுவது. ஒரு கையின் நான்கு விரலால் நான்கு ஃபேடரைத் தள்ளலாம், குமிழென்றால் ஒரு கைக்கு ஒன்றுதான். கடை ஃபேடரின் சட்டத்தை வைத்துக்கொண்டு, உரசும் தடத்தை எடுத்துவிட்டு, பிரஷ் மோட்டார் இருந்த இடத்தில் கிம்பல் மோட்டாரையும் காந்தச் சில்லையும் பொருத்தி, பட்டையால் இழுப்பது திட்டம். கிம்பல் மோட்டார் அகலமானது என்பதால் பக்கத்து ஃபேடருக்கு இடம் போதவில்லை. ஒன்றை மேல்முனையிலும் அடுத்ததைக் கீழ்முனையிலும் மாற்றி மாற்றி வைத்து வரைந்திருக்கிறார். குமிழ் ஓடும் தண்டவாளத்தின் உராய்வுதான் இப்போதைய தகராறு. எந்தத் தண்டவாளம் போட்டாலும் விரலுக்கு அது தெரிகிறது என்கிறார். முதல் நாலு ஃபேடரும் ஆவணிக்குள் வந்துவிட்டால் ஒரு பஜனைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று பேச்சு. மாமா மட்டும், பக்கத்தில் தன் பழைய மிக்ஸரும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.